மேகத்துக்கு மேலே போகிற வேன் ஆன்டி

விடிவதற்கு முன்பே படியேறிக்கொண்டிருக்கிறார் லோகேஸ்வரி. முதுகுப் பையில் ஒரு அரிசி மூட்டை. அடுக்குமாடியின் உச்சிக்குப் போய், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, கிள்ளான் நகரத்தின் மேல் படுத்துக்கிடக்கும் பனிமூட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். இறங்குவார். மறுபடி ஏறுவார். கண் பாதி மூடியிருக்கும். உதடு மட்டும் எதையோ முணுமுணுக்கும்.

“லிஃப்ட் நல்லாத்தானே ஓடுது, லோகா?” என்பார் எதிர்ப்படும் கீழ்வீட்டுத் தம்புசாமி.

“நான் ஏறப்போற கினபாலு மலையில லிஃப்ட் வைக்க மறந்துட்டாங்களாம் அண்ணே.”

ஐம்பதைத் தாண்டிய அவருக்குப் பள்ளிப் பிள்ளைகளை வேனில் ஏற்றி இறக்குவது தொழில். யாரையும் அதட்டமாட்டார். பின்னால் சண்டை மூண்டால் வானொலியைக் குறைத்துவிட்டு ஒரு தாலாட்டை இழுப்பார். வெட்கம் தாங்காமல் பையன்கள் அடங்கிவிடுவார்கள். சிவப்பு விளக்கில் நின்றால் மேகம் பார்க்கிற வழக்கம் உண்டு. பச்சை விழுந்ததைப் பின்னால் நிற்கிறவனின் ஹாரன்தான் சொல்ல வேண்டும். “போறேன்லா, போறேன். ஒனக்கு மட்டும்தான் வேலை இருக்கா?”

முன் இருக்கையில் மெஹ்ரின் உட்கார்ந்து வந்த காலத்தில் ஒட்டிக்கொண்ட வழக்கம் அது. உணவுக்கடை ராசிக்கின் மகள். நோய் முற்றிப் பள்ளிக்கூடம் நின்றபின், மருந்துக்கு அடங்காத பிள்ளைகளைக் கடைசி நாள்வரை வலி தெரியாமல் பார்த்துக்கொள்கிற ஓர் இல்லத்தில் அவளைச் சேர்த்தார்கள். மதிய ஓட்டம் முடிந்ததும் லோகேஸ்வரி அங்கே போய்விடுவார். சன்னலோரக் கட்டிலில் கிடந்தபடி ஒரு நாள் அவள் கேட்டாள்: “ஆன்டி, மேகத்துக்கு மேலயும் மழை பேயுமா?”

“தெரியலம்மா. ஏறிப் பாத்துட்டு வந்து சொல்றேன்.”

சும்மா சொன்ன வார்த்தைதான். பிள்ளை அதை நம்பிக்கொண்டே போய்விட்டாள்.

இந்த ஆண்டு அந்த இல்லம் இன்னும் சில கட்டில்கள் போட நிதி திரட்டுகிறது. அதற்காகக் கினபாலு மலையேற்றம் ஒன்றை அறிவித்தபோது முதல் ஆளாகப் பேர் கொடுத்தார். அவர் உச்சியைத் தொட்டால் ஆளுக்கொரு தொகை தருவதாக வேன் பிள்ளைகளின் பெற்றோர் வாக்குக் கொடுத்தார்கள். அன்றைக்கே விரதமும் தொடங்கிவிட்டார். ஒரு வேளை சைவச் சாப்பாடு, தரையில் படுக்கை, பயிற்சிக்குக் காட்டில் நடந்தாலும் வெறுங்கால். மலை என்றால் அவருக்குத் தெரிந்தது முருகன் குடியிருக்கும் பத்துமலை ஒன்றுதான். ஆண்டுதோறும் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறவர் வேறெப்படி ஏறுவார்?

“எங்க நோம்பாச்சும் பொழுது சாஞ்சா தொறந்துருவோம்க்கா. ஒங்களது தொறக்கவே மாட்டேங்குதே” என்று ராசிக் சீண்டுவார்.

“விடியக்காலையில எழுந்து ரொட்டி சனாய் அடுக்குற நோம்பு இல்ல தம்பி இது.”

போன மாதம் நுவாங் மலையில் பயிற்சி. பாதி வழியில் மரங்களெல்லாம் வேரை விட்டு மெல்ல மிதந்தனவாம். காலே வலிக்கவில்லையாம். முருகன் தூக்கிக்கொண்டு போகிறான் என்றே லோகேஸ்வரி நினைத்தாராம். கண் விழித்தபோது தலை ஷாமினியின் மடியில் இருந்தது. ஷாமினி அந்த இல்லத்துத் தாதி. மலையேறும் குழுவுக்குத் தலைவியும் அவர்தான்.

“ஆன்டி, ஒரு வேளைச் சோத்துல கினபாலு ஏற முடியாது. அங்க விழுந்தா நாங்கதான் தூக்கிட்டு இறங்கணும்.”

“பத்துமலையில ஒரு நாளும் விழுந்ததில்ல மிஸ்ஸி.”

“அது சாமி மலை. இது வெறும் மலை. காலுக்குச் சப்பாத்து போடுங்க, நல்லா சாப்பிடுங்க. இல்லன்னா அடுத்த ஞாயித்துக்கிழமை பேர எடுத்துருவேன். எனக்கும் மனசு வரலதான்.”

சப்பாத்துக்கு உடனே ஒப்புக்கொண்டார். சாப்பாட்டுக்கு மட்டும் வாய் திறக்கவில்லை. விரதத்தை முறித்தால் சாமி குத்தம். முறிக்காவிட்டால் கட்டிலும் இல்லை, பிள்ளைக்குக் கொடுத்த சொல்லும் இல்லை. அந்த வாரம் வேன் பச்சை விளக்கிலும் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலை, பயிற்சிக்குப் புறப்படுமுன் குழு ராசிக்கின் கடையில் கூடியது. ஷாமினி எதிரே உட்கார்ந்து காத்திருந்தார். ராசிக் வந்தார். இரண்டு அவித்த முட்டையைத் தோலுரித்து, தட்டில் வைத்துவிட்டு, அடுப்படிக்குள் போய்விட்டார். லோகேஸ்வரி தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, விரத மாலையில் கோத்து மார்பின் மேல் கிடந்த முருகன் டாலரைக் கழுத்தைச் சுற்றி முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு, ஒரு முட்டையை எடுத்து உப்பில் தொட்டுக் கடித்தார்.