ஆம்பருக்குள் ஒரு எறும்பு

எனக்குக் கோபம் வந்தால் முதலில் பாத்திரங்கள்தான் அடிவாங்கும். அன்று காலை அடுப்படியில் ஒரு டம்ளர்கூடத் தப்பவில்லை. பீரோ மேல் வைத்திருந்த ஆம்பர் கல்லைக் காணோம்.

அது என்னுடையதும் இல்லை. என்னோடு வேலை பார்க்கும் கடையநல்லூர் டீச்சருக்கு, துபாயில் இருக்கும் அவள் கணவர் வாங்கி அனுப்பியது. புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிசு, தேன் நிறம். என்றோ வழிந்த மரப்பிசின் மண்ணுக்குள் கிடந்து கல்லாகியிருக்கிறது. உள்ளே ஒரு எறும்பு, முன்னங்கால் ஒன்றைத் தூக்கியபடி. அந்த இனம் அழிந்து பல கோடி வருடங்கள் ஆகின்றன. வகுப்பில் காட்டுவதற்காக இரவல் வாங்கியிருந்தேன். அன்றைக்குத் திருப்பித் தரவேண்டும்.

முந்தின நாள் என் வீட்டுக்காரரிடம் வாய் ஓயாமல் இதைப் பற்றிப் பேசியது நான்தான். அவருக்கு மளிகைக்கடை. சீனி மூட்டையில் எறும்பு ஏறி, ஒரு மாதமாக மனிதர் நிம்மதியாகச் சாப்பிடவில்லை. எங்கள் ஊரில் பூச்சிபொட்டுத் தொல்லை என்றால், அதன் உருவம் பதித்த தகடு வாங்கிக் கோவில் உண்டியலில் போடுவோம். அவரோ விடியற்காலையிலேயே கோவிலுக்குக் கிளம்பிப் போயிருந்தார். உண்டியலில் விழுந்தது திரும்ப வராது.

நெற்றி நிறையத் திருநீறோடு அவர் வந்து நின்றார்.

“அந்தக் கல்ல உண்டியல்ல போட்டுட்டியளா?”

“போடத்தான் போனேன். நேத்தே விசாரிச்சேன், தகடு விக்கிற இடத்துல பாம்பும் தேளும்தான் கெடக்கு, எறும்பு இல்ல. நம்மகிட்ட எறும்பே இருக்கேன்னு இத எடுத்துட்டுப் போனேன்.”

சட்டைப் பையிலிருந்து கல்லை எடுத்து என் கையில் வைத்தார். போன உயிர் திரும்பி வந்தது.

“போடுறதுக்கு முன்னால வெளிச்சத்துல தூக்கிப் பாத்தேன். பாவம், கால தூக்கிட்டு நிக்கு. இனமே அத்துப் போச்சுன்னியே. அதையே நீட்டி, எறும்பே இல்லாம ஆக்குன்னு சாமிகிட்ட எப்படிட்டி கேக்க? வாய் வரல.”

இத்தனை வருடம் இவரோடு குப்பை கொட்டியிருக்கிறேன். அந்த நிமிடம் பிடித்ததுபோல் இவரை எனக்கு என்றைக்கும் பிடித்ததில்லை. ஆனாலும் முறைப்பை விடவில்லை.

“அப்போ வெறுங்கையோடயா கும்பிட்டிய?”

“சாமிகிட்ட போயிட்டுச் சும்மா வரலாமா? பாம்புத் தகடு ஒண்ணு வாங்கிப் போட்டுட்டேன்.”

“நம்ம கடையில ஏது பாம்பு?”

“இனியும் வராதுல்லா.”

கையில் கல்லோடு அடுப்படியிலேயே உட்கார்ந்து சிரித்தேன். பள்ளியில் கல்லைத் திருப்பித் தந்து கதையைச் சொன்னபோது, கடையநல்லூர் டீச்சருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சீனி மூட்டையில் எறும்பு இன்றும் ஊர்கிறது. பாம்பு மட்டும் இதுவரை வரவில்லை.