எது சுயம்புலிங்கம்

சங்கரன்கோவிலில் மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்டுகிற சுயம்புலிங்கத்தைத் தேடி வந்தால், "யாரு, எது சுயம்புவா?" என்று சிரித்துக்கொண்டுதான் வழி சொல்வார்கள். வேலைக்குக் கூப்பிட வந்தவன், "அண்ணாச்சி, ஓடுது, பொசுக்குன்னு நின்னுருது" என்று ஆரம்பித்தால் போதும். "எது ஓடுது? எது நிக்கி? பேரைச் சொல்லும்வே" என்று ஒரு அதட்டு. பக்கத்து டீக்கடை ஹபீப் முகம்மதுகூட விடுவதில்லை.

"அண்ணாச்சி, சூடா இருக்கு, பாத்து."

"எது?"

"டீயைச் சொன்னேன்வே. உம்ம மண்டையைச் சொல்லல."

கேலி செய்கிறவன் செய்துவிட்டுப் போகட்டும். அந்தக் கேள்வி அவர் வாய்க்கு எப்போது வந்தது என்று அவர்களுக்குத் தெரியாது.

பனவடலிசத்திரத்துக்காரர். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் ஒட்டு உறவு விட்டுப்போனது. மதுரையில் ஒரு பட்டறையில் காயில் கட்டப் பழகி, பிறகு பிரிட்ஜ் வேலையும் கற்றுக்கொண்டு வந்தார். எண்பத்து நாலில் இந்த ஊரில் வீட்டு ஏசி என்று பார்த்தால் நாலோ அஞ்சோதான். எது கெட்டாலும் அவர்தான் போகணும். அதனால் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. இருந்தது என்ன, நிறையவே இருந்தது.

தறி முதலாளி ராமசுப்பு வீட்டு ஏசி அந்தச் சித்திரையில் மக்கர் பண்ணியது. முதலாளி சம்சாரம் ஆவுடையம்மாளுக்கு இழுப்பு. வீட்டுக்குப் பின்னாலேயே பதினாறு தறி. பஞ்சுத் தூசி உள்ளே வரவே கூடாது, ஜன்னலை அடைத்தே வையுங்கள் என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார். அடைத்த அறையில் வெயில் காலத்தில் மனுஷி எப்படிப் படுப்பாள்? அதற்காக வாங்கின ஏசி. அதுதான் நன்றாக ஓடிக்கொண்டிருந்து திடீரென்று நிற்கும். பத்து நிமிஷம் கழித்துத் தானாக ஓடும். சில நாள் ஓடவே ஓடாது.

சுயம்புலிங்கத்துக்கு வாரம் முழுக்கக் கடை வேலை. முதலாளி வீட்டில் இருப்பதும் ஞாயிற்றுக்கிழமைதான். ஆகையால் மூன்று ஞாயிறு போய்ப் பார்த்தார். அவர் வருகிறார் என்றால் ஆவுடையம்மாளை அடுத்த அறைக்குக் கூட்டிப் போய்விடுவார்கள். அந்த வீட்டு வழக்கம் அப்படி. அவரும் அந்தப் பக்கம் தலை திருப்பமாட்டார். தூசி வலையைக் கழுவினார். கெப்பாசிட்டரை மாற்றினார். பிளக்கைத் தொட்டுச் சூடு பார்த்தார். மீட்டரை வைத்தால் முள் இருநூற்று முப்பதில் ஆணி அடித்த மாதிரி நின்றது. ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தாலும் ஏசி ஒரு தடவைகூட நிற்கவில்லை. நடுங்குகிற குளிர்.

"கரண்ட் ஏதும் கம்மியா வருதா மொதலாளி?"

"நம்ம வீட்டுக்கா? நல்லாச் சொன்னேரு. அதெல்லாம் கிடையாதுவே."

மூன்றாவது ஞாயிறு, ஆவுடையம்மாளைப் பார்த்துக்கொள்கிற முப்பிடாதி வாசல்படியில் நின்று அவர் வேலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வயசு இருக்கும். புருஷன் இல்லை. அதே முதலாளி தறியில் எட்டு வருஷம் தார் சுற்றினவள், அதாவது நாடாவுக்குள் வைக்கிற குச்சியில் நூல் சுற்றுகிற வேலை. கைசுத்தக்காரி என்று வீட்டுக்குள் எடுத்துக்கொண்டார்கள்.

"அண்ணாச்சி, மூச்சு வாங்கும்போதுதான் நின்னுருது. நான் கவனிச்சுட்டேன்" என்றாள்.

யாருக்கு மூச்சு வாங்குகிறது என்று அவர் கேட்கவில்லை. அந்த வீட்டில் மூச்சு வாங்குகிறது என்றால் வேறு யாருக்கு? அவருக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. குளிர் தாங்காமல் ஆவுடையம்மாளுக்கு இளைக்கும். இவள் பயந்துபோய் சுவிட்சை அணைப்பாள், ஜன்னலைத் திறப்பாள், யாராவது வந்தால் மறுபடி போடுவாள். மிசினில் ஒரு கோளாறும் இல்லாததற்கு வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

முதலாளியிடம் போய், "மிசின்ல ஒண்ணும் இல்ல மொதலாளி. ஆள் கை படுது. அணைச்சுட்டு ஜன்னலைத் திறக்காவ" என்றார். ரொம்பத் தெளிவாகச் சொன்னார்.

"யாரு கை?"

அவர் பேர் சொல்லவில்லை. வாசல்படிப் பக்கம் பார்த்தார். அவ்வளவுதான்.

மறுநாள் முப்பிடாதியை அனுப்பிவிட்டார்கள். நோயாளி கிடக்கிற அறையில் ஜன்னலைத் திறந்து பஞ்சை உள்ளே விட்டவள் என்று பேராகிவிட்டது. அந்தப் பேரோடு வேறு எந்தத் தறியில் சேர்த்துக்கொள்வார்கள்? இளையரசனேந்தலில் இருக்கிற அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று கேள்வி. சுயம்புலிங்கம் அதை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டார்.

ரெண்டு வாரம்கூட ஆகவில்லை. புதன்கிழமை மத்தியானம் முதலாளியே கடைக்கு வந்து நின்றார்.

"என்னவே, இப்பவும் நிக்கி. இப்ப யாரு கை படுது? என் கையா?"

அவசரத்தில் பையைத் தூக்கிக்கொண்டு போனார். ஆவுடையம்மாளை இடம் மாற்ற நேரமில்லை. கட்டிலிலேயே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். முதன்முதலாக வேலை நாளில் அந்த அறையில் நின்றார். சுவருக்கு அந்தப் பக்கம் பதினாறு தறியும் தடதடவென்று ஓடியது. அடுத்தடுத்த வீட்டுத் தறிகளும் சாப்பாட்டு நேரம் முடிந்து ஓட ஆரம்பித்தன. மீட்டரைச் சொருகினார். இருநூறு. நூற்றி எண்பது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தறிச் சத்தம் தொய்ந்தது. தடதட என்றது தடக்... தடக்... என்று இழுத்தது. மேடேறுகிற கிழவன் மாதிரி. பின்னாலிருந்து ஒரு தறிக்காரன் கத்தினான்:

"ஏலே, மூச்சு வாங்குதுலே. நிறுத்து, மோட்டார் கருகிரும்."

முள் நூற்றி அறுபதில் படுத்தது. ஏசி 'ம்ம்ம்' என்று முக்கியது. டிக்கென்று ஒரு சத்தம். நின்றுவிட்டது.

சுயம்புலிங்கம் மீட்டரைக் கழற்றினார். தறி மூச்சு வாங்குகிறது. எட்டு வருஷம் தறியில் கிடந்தவள் தறியைத்தான் சொல்லியிருக்கிறாள். அவரும் கரண்ட் வேலைதான் பார்க்கிறார். ஆனால் அவருக்கு அது லோ வோல்டேஜ். ஞாயிற்றுக்கிழமை தறி லீவு. தறி ஓடாத நாளாகப் பார்த்து வந்து மீட்டர் வைத்துவிட்டு, மிசின் சரியாக இருக்கிறது, மனுஷிதான் சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

கட்டிலில் இருந்து ஆவுடையம்மாள் திரும்பாமலே பேசினாள். "அவ சுவிட்சைத் தொட்டதே இல்ல. என்ட்ட ஒருத்தரும் கேக்கல. நானா சொன்னேன், சீக்காளி பேச்சுன்னு விட்டுட்டாவ."

வெளியே வந்தவரிடம் முதலாளி, "என்னவே கோளாறு?" என்றார்.

"கரண்ட் கம்மி மொதலாளி. ஸ்டெபிலைசர் வாங்கி மாட்டணும்."

"சரி, மாட்டிரும்."

அந்த நேரத்தில் இன்னொரு வாக்கியமும் அவர் சொல்ல வேண்டியிருந்தது. முதலாளி கேட்டால் சொல்லலாம் என்று நின்றார். முதலாளி கேட்கவில்லை. இவர் பையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு இளையரசனேந்தலுக்குப் பஸ் ஏறினார். முப்பிடாதி கரிசல் காட்டில் மிளகாய்ப் பழம் எடுத்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் முந்தானையை உதறிக்கொண்டு வரப்புக்கு வந்தாள். அவர் சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார்.

"நீ தறியைச் சொல்லியிருக்க. நான் அந்த அம்மாவைன்னு நினைச்சுட்டேன்."

"எதுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா அண்ணாச்சி."

"கேட்டிருக்கணும்."

"மொதலாளி வரச் சொன்னாவளா?"

"இல்ல. நானாத்தான் வந்தேன்."

"அவியட்ட என்ன சொன்னிய?"

"கரண்ட் கம்மின்னு சொன்னேன்."

அவள் விரலில் ஒட்டியிருந்த மிளகாய் விதையைத் துடைத்தாள். "அதுல என் பேரு எங்கன இருக்கு?"

"நாளைக்கே சொல்லுதேன் தாயி" என்றார்.

நாளைக்கு என்றாரே தவிர, இருபது நாள் போனது. ரெண்டு தடவை முதலாளி வீட்டு முனை வரைக்கும் போய்த் திரும்பினார். தப்பு செய்த மெக்கானிக் என்று தெரிந்தால் ஊரில் எவன் கூப்பிடுவான் என்று ஒரு நாள் பயம். இன்னொரு நாள் பயம்கூட இல்லை, சும்மா கூச்சம். கடைசியில் ஒரு வியாழக்கிழமை தறிக்கொட்டகைக்குள்ளேயே போய் நின்றார். பதினாறு தறி ஓடுகிற இடத்தில் பேசினால் பக்கத்தில் நிற்கிறவனுக்கே கேட்காது. அந்தத் தைரியத்தில்தான் போனாரோ என்னவோ.

"என்னவே? கேக்கல" என்றார் முதலாளி, காதுக்குக் கையைக் குவித்து.

சுயம்புலிங்கம் இன்னும் உரக்கச் சொன்னார். அப்போதும் கேட்கவில்லை. அடிவயிற்றிலிருந்து கத்தினார். பாதியில் கரண்ட் போய் எல்லாத் தறியும் ஒன்றாக நின்றது. மிச்சப் பாதி கொட்டகை முழுக்க விழுந்தது.

"...முப்பிடாதி கை வைக்கல மொதலாளி, நான்தான் தப்பாச் சொன்னேன்."

தறிக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தார் சுற்றுகிற பெண்கள் எழுந்தே நின்றார்கள். முதலாளி பக்கத்துத் தறியின் சுவிட்சை அணைத்துவிட்டுத் திரும்பினார்.

"இதை அன்னைக்கே சொல்லுததுக்கு என்னவே? சரி, வரச் சொல்லும் அவளை."

அன்றைக்கே போனார். வீட்டில் அவள் அண்ணன் பிச்சையா மட்டும் கயிறு திரித்துக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டும் கயிற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீங்க வந்துட்டுப் போனிய. பத்துப் பன்னெண்டு நாளு பஸ் வரும்போதெல்லாம் ரோட்டைப் பாத்துட்டு நின்னா. பொறவு மலைக்குப் போயிட்டா, ஏலக்காத் தோட்ட வேலைக்கு."

"எது?" என்றார் சுயம்புலிங்கம். "எந்தத் தோட்டம்? பேரு என்ன?"

"அது தெரியாது அண்ணாச்சி. ஆள் கூட்டிட்டுப் போற லாரி வந்துச்சு, ஏறிட்டா. நானும் எதுன்னு கேக்கல."

சாயங்கால பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. ரோட்டோரம், அவள் நின்றிருப்பாள் என்று தோன்றின இடத்தில், பையைக் கீழே வைத்துவிட்டு நின்றார்.