செம்புக் கால்

எக்ஸ்ரே ஃபிலிமைக் கழுவியபின் மிஞ்சும் ஃபிக்ஸர் நீரை அம்மா ஒரு வெள்ளைக் கேனில் சேர்த்து வைப்பாள். திருப்போரூரில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் அவளுக்கு உதவியாளர் வேலை. ஃபிலிமிலிருந்த வெள்ளி அந்த நீரில் கரைந்திருக்கும். கழிவு எடுக்கும் வண்டி வரும்வரை கேன் உன் பொறுப்பு, சாக்கடையில் ஒரு சொட்டு போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். என்னைக்கூட அவள் அவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டதாக எனக்கு நினைவில்லை.

அந்த வருடம் நான் சைக்கிளிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டேன். குணமானால் முருகனுக்கு வெள்ளியில் கால் செய்து போடுவதாக அம்மா வேண்டிக்கொண்டாள். கால் குணமாகிவிட்டது. வெள்ளி வாங்கத்தான் வழியில்லை.

அம்மாவின் தம்பி, என் மாமா, மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் இருந்தார். அவருக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இல்லை என்பது அவருடைய அபிப்பிராயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா ஆஸ்பத்திரியின் முன்பக்கத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது, மாமா என்னைப் பின்பக்கம் கூட்டிப்போனார். செம்புத் தகட்டில் வெட்டிய குட்டிக் கால் ஒன்றைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். கேனில் பாதியைப் பக்கெட்டில் ஊற்றி அதற்குள் போட்டார். சற்று நேரத்தில் அது வெள்ளியாக மின்னியது. நான் வாயைப் பிளந்தேன். அந்தப் பெருமையில் மாமா குட்டிக் காலை வெளியே எடுத்துவிட்டு, பக்கெட்டைச் சாக்கடையில் கவிழ்த்தார்.

புளித்த நெடி எட்டவே, அம்மா ஓடிவந்தாள்.

"இன்னாடா பண்ணி வெச்சிகீற?"

"தண்ணி வுட்டு ரொப்பிடுக்கா. வண்டிக்காரனுக்கு இன்னா தெரியப்போவுது?"

"இது நேரா ஏரிக்குப் போவுதுடா. மாடுங்க அங்கதான் தண்ணி குடிக்குது."

அவள் போனை எடுத்ததும் மாமா முகம் வெளுத்துவிட்டது. "டாக்டராண்ட சொல்லாதக்கா, வேலை பூடும்."

அம்மா சொன்னாள். தம்பியைப் பற்றி மூச்சு விடவில்லை; தன்னுடைய தவறு என்றே சொன்னாள். பிறகு இருவருமாக மண்ணை அள்ளிப் போட்டுச் சாக்கடையை அடைத்தார்கள்.

மறுநாள் பள்ளி விட்டு வந்தபோது அம்மா வீட்டில் இருந்தாள். அதற்கடுத்த நாளும் இருந்தாள். சுடச்சுட போண்டா போட்டுக் கொடுத்தாள், எனக்குத் தலை வாரிவிட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"இனிமே டெய்லி இப்படியே வூட்லயே இரும்மா" என்றேன்.

இருக்கிறேன் என்றாள்.