துவான் கேட்ட பெயர்

என் வீட்டுக்காரர் தெருமுனையில் சைக்கிளைத் திருப்பும்போதே என் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்துவிடுவார். மலாக்காவில் எங்கள் காஜா பெராங் தெரு முழுக்கக் கேட்கும். மீன் வாங்கி வந்தால் ஒரு கூப்பாடு, மழை வரும்போல் இருந்தால் ஒரு கூப்பாடு, ஒன்றுமே இல்லாவிட்டாலும் ஒரு கூப்பாடு. நாகப்பட்டினத்தில் வளர்ந்த எனக்கு மானம் போகும். "மெதுவா கூப்பிட்டா ஆகாதா?" என்று கேட்டால் சிரிப்பார். புரிந்து சிரித்தாரா, புரியாமல் சிரித்தாரா என்று முதல் வருஷம் முழுக்க எனக்குத் தெரியாது. அவருக்குத் தமிழ் வராது.

நல்ல கூத்து, கேளுங்கள். பட்டை பட்டையாக விபூதி பூசுவார். அம்மன் முன்னால் நின்றால் கண் கலங்கிவிடும். வாசல் நிலையில் மாவிலை காய விடமாட்டார். வாயைத் திறந்தால் மலாய்! மலாக்காச் செட்டிகள் அப்படித்தான். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் கப்பலேறி வந்து, இந்த ஊர்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு, சாமியை வைத்துக்கொண்டு பேச்சை விட்டுவிட்டவர்கள். இவர் கிராணியாகக் கணக்கு எழுதிய கொப்பரைக் கிடங்கின் முதலாளி என் அப்பாவுக்குத் தூரத்து உறவு. சரக்கு விஷயமாக ஊருக்கு வந்தபோது இவரையும் கூட்டிவந்தார். வந்தவர் எங்கள் வீட்டில் சாப்பிட்டார், என்னைப் பார்த்தார், யார் எதைக் கேட்டாலும் "ஆமா" என்றார். அவருக்குத் தெரிந்த நாலைந்து தமிழ் வார்த்தைகளில் அது ஒன்று. அப்பாவுக்கு அந்தப் பணிவு பிடித்துப்போயிற்று. எனக்கு அவர் சிரிப்பு.

கோயிலில் தாலி கட்டினார். ஓர் அழைப்பிதழ் அடித்தோம், ஒரு போட்டோ எடுத்தோம். எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு அதற்கு மேல் சாட்சி யாரும் கேட்டதில்லை.

மலாயா சுதந்திரம் வாங்கிப் புதுக்கொடி ஏற்றியிருந்த நேரம் அது. மாமனார் காலத்தில் டிக்கெட் இருந்தால் போதுமாம், போகலாம் வரலாம். நான் கப்பலை விட்டு இறங்கியபோதோ, பாஸ்போர்ட்டில் தற்காலிகமாக ஒரு முத்திரை குத்தி, நிரந்தரமாக இருக்க வேண்டுமானால் மலாக்காவில் போய் எழுதிப்போடு என்று அனுப்பிவிட்டார்கள். தவணைக்குள் அனுமதி கிடைக்காவிட்டால் திரும்பவும் கப்பல். அவர் இங்கே, நான் அங்கே. வாழாமல் வந்தவள் என்று ஊர் பேசும், அது கிடக்கட்டும். அவரை விட்டுவிட்டு என்னால் போக முடியாது. வந்த கொஞ்ச நாளிலேயே அப்படி ஆகிப்போயிருந்தது.

இமிக்ரேஷன் ஆபீசில் கூப்பிட்டு அனுப்பினார்கள். நாற்காலியில் இளவயது மலாய் அதிகாரி, புதிதாக வந்தவர்; அங்கே எல்லோருக்கும் அவர் 'துவான்', அதாவது ஐயா. பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழ் கிராணி. பொய்க் கல்யாணம் சொல்லி ஆள் கொண்டுவருகிறவர்கள் இருந்ததால் புருஷனையும் பெண்டாட்டியையும் தனித்தனியாக விசாரிப்பது வழக்கமாம். இவரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரி அழைப்பிதழைப் பார்த்தார், போட்டோவைப் பார்த்தார். எல்லாம் சரி. பிறகு கிராணி கேட்டார்: "வீட்டுக்காரரு பேரு என்னாம்மா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"பேரும்மா, பேரு. துவான் கேக்குறாரு லா."

"அதுலதான் அச்சடிச்சிருக்கே," என்று அழைப்பிதழைக் காட்டினேன்.

"அது துவானுக்குத் தெரியும். நீங்க வாயால சொல்லணும்."

"எழுதிக் காட்டட்டுமா?"

"எழுதக்கூடாதாம். வாயில என்ன, கொழுக்கட்டையா? சொல்லுங்கம்மா."

"சாமி பேருதாங்க."

"நம்ம சாமிங்களுக்குப் பேருக்கா பஞ்சம்? எந்த சாமி? வேலனா? கந்தனா?" என்று பாவம், அவரே ஒவ்வொன்றாக அடுக்க ஆரம்பித்தார். நான் இல்லை இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். அதிகாரி மேசையைத் தட்டினார். புருஷன் பெயரை நீ சொல்லிக் கொடுக்கவா உனக்குச் சம்பளம் என்று மலாயில் கேட்டிருக்க வேண்டும். கிராணி வாயை மூடிக்கொண்டார். அதிகாரி என்னவோ எழுதினார். இன்னொரு தடவை கூப்பிடுவோம், அதுதான் கடைசி என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இதைப் படிக்கிற இந்தக் காலத்துப் பெண்கள், பெயர்தானே, சொல்லித் தொலைப்பதற்கு என்ன என்பீர்கள். என் அக்கா அப்படிச் சொன்னவள்தான். ஏதோ சண்டையில், கோபத்தில், அத்தான் பெயரைச் சொல்லிக் கத்திவிட்டாள். அந்த மாதமே அவர் போன தோணி திரும்பவில்லை. அக்கா சுவரில் முட்டிக்கொண்டு அழுததைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று மற்றவர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். நான் கண்ணால் கண்டிருந்தேன். அதனால் அவரை "இந்தாங்க" என்றுதான் கூப்பிடுவேன். அண்டை வீட்டுப் பெண்கள் அதைப் பிடித்துக்கொண்டு, "இந்தாங்க வந்துட்டாரு, இந்தாங்க போறாரு" என்று அவரைக் கேலி செய்வார்கள். அவருக்கு அதுவும் சந்தோஷம்தான்.

அன்று வீடு திரும்பியதிலிருந்து அவர் என் பெயரைக் கூப்பிடவே இல்லை. கூப்பாடு போடுகிற மனுஷன் வாயடைத்து உட்கார்ந்தால் வீடே இருண்டுபோகிறது. சாயங்காலம் அடுப்படியில் என் எதிரில் வந்து குந்தினார். தனக்குத் தெரிந்த தமிழையெல்லாம் கூட்டிச் சேர்த்துக் கேட்டார்: "என் பேரு... கெட்ட பேரா?"

ஐயோ, என் நெஞ்சு வெடித்துப்போயிற்று! என் பெயரைச் சொல்ல உனக்கு வெட்கமா என்று கேட்கிறார் அப்பாவி. இல்லை இல்லை என்று கையைப் பிடித்துக்கொண்டேன். எப்படிச் சொல்வது? அக்கா, அத்தான், பெயர், தோணி, கடல், என்று கையாலேயே காட்டினேன். வாயைத் தொட்டுக் காட்டி, அவரைத் தொட்டுக் காட்டி, கையை விரித்தேன். முதலில் சிரித்தார். என் கண்ணைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார்.

"நான் கடல் போகாது," என்றார். அதோடு சரி. சொல்லு என்று ஒருநாளும் வற்புறுத்தவில்லை. மறுநாள் காலையில் என் பெட்டியை எடுத்து, உடைந்துபோயிருந்த அதன் பூட்டைச் சரிசெய்துகொண்டிருந்தார். திருப்பி அனுப்பினால் பத்திரமாகப் போய்ச் சேரட்டும் என்று.

கடைசி விசாரணைக்கு முந்தின வாரம் பழப் படையல் வந்தது. செட்டி வீடுகளில் இறந்தவர்களுக்குப் படைப்பதைப் பார்ச்சு என்பார்கள். பொங்கலை ஒட்டிச் சோறு படைப்பது ஒன்று. பழக் காலத்தில் பழம் படைப்பது இன்னொன்று. மாமியார் விடிந்ததிலிருந்து யாரையும் கிட்டே சேர்க்காமல் தானே எல்லாம் செய்தார். சாரோங்கை இழுத்துச் செருகிக்கொண்டு, வாழையிலை விரித்து, துரியான், மங்குஸ்தான், ரம்புத்தான் எல்லாம் அடுக்கினார். மாமனாருக்குப் பிடிக்கும் என்று சர்க்கரை போடாத கோப்பி ஒரு கிளாஸ் வைத்தார். மாமனாரை நான் பார்த்ததில்லை. அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் மாமியார் "இவன் அப்பா" என்றுதான் சொல்வார். பெயரை அவர் வாயிலிருந்து கேட்டதே இல்லை.

அன்று கேட்டேன். இலைக்கு முன்னால் கைகூப்பி நின்று, மாமனார் பெயரைச் சொல்லி, "மாரி மக்கான்" என்று கூப்பிட்டார். வா, சாப்பிட வா. ஒரு தடவை மெதுவாக. இரண்டாம் தடவை கொஞ்சம் பலமாக. பிறகு அவர்கள் நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்து நின்றோம். திறந்தபோது கோப்பி ஆறிப்போயிருந்தது. வைத்த பழம் வைத்தபடி இருந்தது. மாமியார் அந்தக் கிளாஸை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார்.

எனக்கு அழுகையாக வந்தது. கூப்பிட்டால் வருகிற காலத்தில் கூப்பிடாமல் இருந்துவிட்டு, வராதவரை இப்படிக் கூப்பிட வேண்டுமா? இதோ என் மனுஷன் மங்குஸ்தான் கறையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு எதிரிலேயே நிற்கிறார். இருந்தாலும் பயம் போகவில்லை. பொய் சொல்வானேன், அந்தப் பயத்தோடேதான் கடைசி விசாரணைக்குப் போனேன்.

அதே அறை, அதே அதிகாரி. இவர் வெளியே பெஞ்சில்.

"இன்னைக்காவது சொல்லிடுங்கம்மா," என்றார் கிராணி. "இல்லாட்டி ஹாபிஸ் லா, கதை முடிஞ்சுது. வீட்டுக்காரரு பேரு என்னா?"

கண்ணை இறுக மூடினேன். தாலியைப் பிடித்துக்கொண்டேன். அம்மா தாயே, குறைக்கிறதானால் என் ஆயுசில் குறைத்துக்கொள் என்று வேண்டிக்கொண்டு, சொன்னேன். சொல்லிப் பழகாத வாய், அளவு தெரியவில்லை. கத்திவிட்டேன்.

வெளியே பெஞ்ச் கிறீச்சென்று நகர்ந்தது. "யா! யா, துவான்!" என்று குரல் கொடுத்துக்கொண்டு, தொப்பி ஒரு கையில், குடை ஒரு கையில், கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து நின்றார் என் வீட்டுக்காரர்.

அதிகாரியைப் பார்த்தார். கிராணியைப் பார்த்தார். யாரும் அவரைக் கூப்பிட்டமாதிரி இல்லை. அப்புறம் என்னைப் பார்த்தார். கூப்பிட்டது யாரென்று புரிந்துபோனது. அந்த முகத்தை நான் என்னவென்று எழுதுவேன்! குடையைக் கீழே போட்டுவிட்டார்.

அதிகாரி அன்றுதான் சிரித்தார். பேனாவை எடுத்துக்கொண்டே மலாயில் என்னவோ சொன்னார்.

"'கூப்பிட்ட குரலுக்கு இப்படி ஓடியாறானே, புருஷன்தான்'னு சொல்றாரு துவான்," என்றார் கிராணி.

பேச்சா என்கிற சைக்கிள் ரிக்ஷாவில் வீடு திரும்பும்போது வழியெல்லாம் அழுதேன். அவர் என் காதுக்குக் கிட்டே வந்து, "இன்னொரு தரம்?" என்றார். போட்டேன் தோளில் ஓர் அடி. அந்த வருஷம் அவர் தும்மினால்கூட அம்மனுக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டேன். தெங்கேரா பக்கம் கடற்கரைக்குக் காற்று வாங்கப் போகவும் விடவில்லை. மனுஷன் ஒரு குறையும் இல்லாமல் இருந்தார். என் தமிழை அவர் கற்றுக்கொண்டார், அவர் மலாயை நான் கற்றுக்கொண்டேன். பேரப்பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, தெருமுனையிலிருந்தே என்னைக் கூப்பிட்டுக்கொண்டு, கிழவனாகித்தான் போனார். "இன்னொரு தரம்?" என்று கடைசிவரை கேட்டார். நானும் கடைசிவரை "இந்தாங்க" என்றே இருந்துவிட்டேன்.

இப்போது பழக் காலம் வந்தால் இந்த வீட்டில் இலை போடுவது நான்தான். கோப்பிக்கு அவருக்குச் சர்க்கரை தூக்கலாக வேண்டும். இலைக்கு முன்னால் நின்று அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறேன், அன்று ஆபீசில் கத்தினேனே, அதே சத்தத்தில். கூப்பிட்டுவிட்டு, வெளியே பெஞ்ச் நகர்கிறதா என்று ஒரு நிமிஷம் கேட்டுக்கொண்டு நிற்பேன். அப்புறம்தான் கதவைச் சாத்துவேன்.