வாய் திறக்காத வளைகாப்பு

காமயகவுண்டன்பட்டியில் சிம்ரனைத் தெரியாதவர்கள் குறைவு. அவள் தையல் மெஷினை மிதித்தால் தெருவே அதிரும் என்று கேலி பேசுவார்கள்; தீபாவளி வந்தால் அதே வாய்கள்தான் ஜாக்கெட் துணியோடு அவள் வாசலில் வரிசை கட்டும். ஆள் கொஞ்சம் பூசினாற்போல இருப்பாள். கல்யாணத்துக்குப் பிறகு அது இன்னும் கூடியது. காரணம் மாமியார் மாயக்காள்.

பிள்ளை தங்கவில்லையென்றால் இடுப்பில் பலமில்லை என்பது மாயக்காளின் தீர்ப்பு. ஆகவே தினமும் உளுந்தங்களி. நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய், மேலே கருப்பட்டி. அன்பாகத்தான் கொடுத்தாள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிம்ரனும் பிள்ளை ஆசையில் மறுக்காமல் சாப்பிட்டாள். எடை ஏறியது. மாதவிலக்கு தள்ளித் தள்ளிப் போய், வீடே ஆசைப்பட்டு ஏமாந்தது. ஒருமுறை கரு நின்று, மூன்றாம் மாதமே கலைந்தது.

தேனியில் டாக்டரம்மா அவளை எடை மெஷினில் ஏறச் சொன்னார். தொண்ணூறைத் தாண்டியது.

"எடை கூடுனா கருமுட்டை ஒழுங்கா வெளிய வராதும்மா. தங்குனாலும் கலைய வாய்ப்பு அதிகம். பட்டினி கெடக்க வேணாம், கொஞ்சம் குறைச்சாலே பலன் இருக்கும்."

சிம்ரன் புருஷனைப் பார்த்தாள். திலீபனுக்குக் கம்பத்தில் வாழைக்காய் மண்டி. ராத்திரிச் சாப்பாடு பரோட்டாக் கடையில்; தொப்பை சட்டையை முட்டும்.

"மாமா, நீங்களும் ஏறுங்க."

"எனக்கென்ன?"

"ஏறுங்க. ஆம்பளைக்கும் இதுல பங்கு உண்டு" என்றார் டாக்டரம்மா.

மறுநாளிலிருந்து இருவரும் வாய்க்கால் கரையில் நடந்தார்கள். தெரு சிரித்தது. சிம்ரன் சட்டை செய்யவில்லை. களிக் கிண்ணத்தை மாமியார் நீட்டினால், ஒரு வாய் வாங்கிக்கொண்டு மிச்சத்தைத் திருப்பித் தருவாள். ஒரு வருஷத்தில் ஒல்லியாகிவிடவில்லை. பத்து கிலோ குறைந்தது. மாதவிலக்கு சீரானது, கருவும் தங்கியது.

ஆறாம் மாதம் ரத்தத்தில் சர்க்கரை ஏறியது. கட்டுப்படுத்தாவிட்டால் குழந்தை அளவுக்கு மீறிப் பெருத்து, பிரசவம் சிக்கலாகும் என்று டாக்டரம்மா எச்சரித்தார்.

வளைகாப்பு வந்தது. அந்த வீட்டு வழக்கப்படி வருகிற பெண்கள் எல்லோரும் ஆளுக்கொரு வாய் சர்க்கரைப் பொங்கல் ஊட்டவேண்டும். மாயக்காளே நெய் ஒழுகக் கிண்டியிருந்தாள். முதலில் அவளுடைய அக்கா பவுனு கையை நீட்டினாள். சிம்ரன் வாய் திறக்கவில்லை.

"சந்தனம் பூசுங்க பெரியத்த, வளையல் போடுங்க. வாயில மட்டும் வேணாம். எனக்குச் சுகர் இருக்கு. ஏற்கெனவே ஒண்ணப் பறிகொடுத்தவ நான்."

"சபையில நீட்டுன கையத் தட்டலாமா ஆத்தா?" என்றாள் பவுனு.

மாயக்காளுக்கு முகம் செத்துப்போயிற்று. சிம்ரன் வளையலுக்குக் கையை நீட்டினாள், ஊட்ட வாயைத் திறக்கவில்லை. ஊர்ச் சிரிப்பைத் தாங்கிவிடலாம். சொந்தபந்தம் கூடியிருக்கையில் மாமியாரின் பொங்கலை வேண்டாமென்று சொல்ல அசாத்தியமான துணிச்சல் வேண்டும். அது அவளுக்கு இருந்தது.

பிரசவம் வரை மாயக்காள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

பெண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஆஸ்பத்திரிக்கு வந்த பவுனு துணியை விலக்கிப் பார்த்தாள்.

"இம்புட்டு வளர்த்தியான ஆத்தாளுக்கு இத்தனூண்டு புள்ளையா?"

"அளவான எடைன்னு டாக்டரம்மா சொன்னாக. கண்ணு போடாதக்கா" என்றாள் மாயக்காள். "நானெல்லாம் புள்ளையப் பெத்தப்பறம் வாயக் கட்டி வயித்தக் கட்டி வளத்தேன். எம் மருமக பெத்து எடுக்கவே வாயக் கட்டியிருக்கா."

கட்டிலில் கிடந்த சிம்ரன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள்.