பதினொராம் பக்கத்துப் புலம்பல்

உரும்பிராய் ஆழ்வாப்பிள்ளை வாத்தியாருக்குப் பிறக்கும்போதே யாரோ காலில் சில்லுப் பூட்டி அனுப்பிவிட்டார்கள். மனிதர் ஓர் இடத்தில் அமைதியாக இருந்ததை ஊர் கண்டதில்லை. மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுப்பதும் நடந்துகொண்டுதான். சாப்பிடும்போதுகூட ஒரு முழங்கால் எழும்ப ஆயத்தமாகவே நிற்கும். போதாக்குறைக்கு ஒரு கறுப்புக் குடை. மழையும் வேண்டாம், வெயிலும் வேண்டாம். மனதுக்குள் ஒன்று உறுத்தினால் போதும், கை தானாகப் போய்க் குடையை எடுத்துவிடும். விரிப்பார், மடக்குவார், கமக்கட்டுக்குள் செருகுவார், மறுபடி விரிப்பார்.

இப்படிப்பட்டவரிடம் போய் ஊர் இருபது வருடமாகத் தன் துக்கத்தை எழுதித் தரச் சொன்னது என்றால் வேடிக்கைதானே! செத்தவருக்கு முப்பத்தொராம் நாள் கிருத்தியம் நடக்கும்போது கல்வெட்டு என்று ஒரு சின்னப் புத்தகம் அச்சடித்து, சபையில் இராகத்தோடு வாசித்து, வந்தவர்களுக்குக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். கல்லும் இல்லை, வெட்டும் இல்லை. செத்தவரின் குலம் கோத்திரம், செத்த திதிக்கு ஒரு வெண்பா, அதன்பின் மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், சகோதரர் புலம்பல் என்று வரிசையாகப் போய், கடைசியில் எல்லோருக்கும் ஒரு தேற்றம். அவ்வளவுதான்.

வாத்தியாரிடம் எல்லாம் கைவசம் இருந்தன. தூணே, துணையே, வாடாத மலரே என்று மனைவிக்கு ஒரு தினுசு; நிழலே, நிதியே என்று மக்களுக்கு ஒரு தினுசு. பெயரை மாற்றிவிட்டால் புலம்பல் ஆயத்தம். ஊரில் அதைக் கேட்டு மூக்குச் சிந்தாத பெண் இல்லை. வாத்தியாரின் மனைவி பராசக்தி மட்டும் விதிவிலக்கு. “உங்களுக்கு ஆரும் ஊரிலை கண்ணை மூடினால்தான் முகம் தெளியுது” என்பாள். அது பொய்யும் இல்லை.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்துநாலு மாசியில் பஞ்சலிங்கம் கண்ணை மூடினார். புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துவிட்டு வந்து, நெஞ்சைத் தடவியபடி சாய்ந்தவர்தான். அந்தச் செத்தவீட்டில் வாத்தியார் ஒன்றைப் பார்த்தார். பார்த்திருக்காவிட்டால் இந்தக் கதையே இல்லை.

பஞ்சலிங்கத்தின் மூத்த மகள் பத்மாசினி, இரண்டு வருடத்துக்கு முன் மிஷன் பள்ளிக்கூடத்து டானியல் மாஸ்டரைக் கட்டிக்கொண்டு கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தவள். தகப்பன் செத்த செய்தி கேட்டு, தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். வாசற் படலையில் பெரியப்பன் பரமலிங்கம் நின்றார். பஞ்சலிங்கத்தின் தமையன்; கோயில் காரியங்களில் முன்னுக்கு நிற்கிறவர்; நல்ல மனிதர் என்றுதான் ஊர் சொல்லும்.

“வேதத்துக்குப் போனவளுக்கு இஞ்சை என்ன அலுவல்? போ, போ!”

அவள் போகவில்லை. ஓரமாக ஒதுங்கி, வேலியாக நட்டிருந்த ஒரு பூவரசங் கதியாலைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதாள். உள்ளே முற்றத்தில் பெண்கள் வட்டமாக இருந்து ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். வெளியே இவள் மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஒழுங்கைப் பாதையில் நின்ற வாத்தியார் இரண்டு எட்டில் போய் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். பரமலிங்கத்தோடு யார் பகைக்கிறது? குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு நடந்துவிட்டார்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள், கல்வெட்டுக்கு விபரம் எடுக்க வாத்தியார் அந்த வீட்டுக்குப் போனார். பஞ்சலிங்கத்தின் மனைவி சிவக்கொழுந்து அறை வாசலில் பாய் போட்டு இருந்தாள். எழுத்து வாசனை இல்லாதவள். ஆனால் எதையும் இரண்டு தரம் யோசிக்கிறவள். கணவன் பிறந்த வருடம், பிள்ளைகளின் பெயர் எல்லாம் சொல்லிவிட்டு, திடீரென்று கேட்டாள்:

“புலம்பல் புலம்பல் எண்டு எழுதுறியளே வாத்தியார், உந்தச் சொல்லுக்கு என்ன கருத்து? அழுகை எண்டோ?”

இருபது வருடத்தில் ஒருவரும் கேளாத கேள்வி! வாத்தியாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எழும்பி, அறை வாசலுக்கும் தூணுக்குமாக நடக்கத் தொடங்கினார்.

“இல்லைப் பிள்ளை, இல்லை! பழந்தமிழிலை புலம்பு எண்டால் தனிமை. பக்கத்திலை ஒரு துணை இல்லாமல் நிக்கிற நிலை. கண்ணீரும் இல்லை, சத்தமும் இல்லை. அப்பிடித் தனிய நிக்கிறவன் தன்ரை பாட்டிலை கதைக்கிறதும் அழுகிறதும் பிறகுதான் அந்தச் சொல்லோடை வந்து ஒட்டினது. இப்ப எங்களுக்கு ஒட்டினதுதான் தெரியும்.”

சிவக்கொழுந்து சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டாள்.

“அப்ப நான் புலம்பேல்லை, வாத்தியார்.”

“என்ன பிள்ளை சொல்லுறாய்?”

“என்னைச் சுத்தி இருபது பெண்டுகள். ஒருத்தி கை விட மற்றவள் பிடிச்சாள். தண்ணி பருக்கினவை, விசிறியாலை விசுக்கினவை. பொடியள் ரெண்டு பேரையும் ஆம்பிளையள் தூக்கி வைச்சிருந்தவை. தனிய நிண்டு அழுதவள் ஒருத்திதான். அவளின்ரை குரல் எனக்கு உள்ளுக்குக் கேட்டது. எழும்ப விடேல்லை என்னை. அவளின்ரை புலம்பலையும் போடுங்கோ. பேர் சொல்லிப் போடுங்கோ. சபையிலை அவளின்ரை பேரை வாசிச்சாப் பிறகு, அவள் இந்த வீட்டுப் பிள்ளை இல்லையெண்டு ஆர் படலையிலை மறிக்கிறது? நான் அவளை வரச் சொல்லி ஆள் அனுப்பப் போறன்.”

“போடுறன் பிள்ளை, கட்டாயம் போடுறன்” என்றார் வாத்தியார். அன்றைக்கே எழுதியும் விட்டார். நிழலே, நிதியே தினுசுதான்; பெயர் மட்டும் பத்மாசினி.

அச்சுக்கூடத்துக்குப் போகுமுன் பரமலிங்கம் எழுத்துப் பிரதியை வாங்கிப் பார்த்தார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, பத்மாசினியின் பாட்டுக்குக் குறுக்கே மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தார்.

“என்ரை தம்பியின்ரை கல்வெட்டிலை உவளின்ரை பேர் ஏறினால் நான் கோயிலடியிலை தலை நிமிர்ந்து திரியேலாது. விளங்குதோ?”

வாத்தியார் “ஓம்” என்றார். அட மனிசா! வேறு ஒரு சொல் வாயில் வந்திருக்கக் கூடாதா?

கிருத்தியத்துக்கு மூன்று நாள் இருக்கையில் புத்தகம் அச்சாகி வந்தது. வீட்டுக்காரிக்கு என்று முதற்பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தார். சிவக்கொழுந்து அட்டையைக் கண்ணில் ஒற்றினாள்.

“பிள்ளையின்ரை கிடக்கோ?”

“ஓம், கிடக்கு.”

“எந்தப் பக்கம்?”

வாத்தியார் எழும்பிக் குடையை எடுத்துவிட்டார். “பதினொண்டு” என்றார், முற்றத்தைப் பார்த்துக்கொண்டு. அது வாயில் வந்த இலக்கம். அவள் அவரிடமே பக்கத்தைக் காட்டச் சொல்லி, அதன் மூலையைப் பத்திரமாக மடித்து வைத்தாள். பதினொராம் பக்கத்தில் இருந்தது சகோதரர் புலம்பல், பரமலிங்கத்தின் அழுகை.

“பிள்ளைக்கு ஆள் அனுப்பியாச்சு. வாறன் எண்டு சொல்லிவிட்டிருக்கிறாள்” என்றாள் சிவக்கொழுந்து.

அந்த மூன்று நாளும் வாத்தியாரைக் கேளாதேயுங்கள். சைக்கிளை எடுத்துக்கொண்டு பரமலிங்கத்தின் வீட்டு வாசல்வரை போனார், திரும்பினார். பக்கத்து ஊரான கோப்பாய் வரை ஓடினார், காரணமில்லாமல் திரும்பினார். சிவக்கொழுந்திடம் உண்மையைச் சொல்லப் புறப்பட்டு, வழியில் சில்லுக்குக் காற்றுப் போய்விட்டது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். காற்றுப் போகவில்லை. வகுப்பில் வாய்ப்பாடு பிழைத்தது, பிள்ளைகள் சிரித்தார்கள். “என்ன, காலிலை நெருப்பே பத்திப்போட்டுது?” என்று பராசக்தி கேட்டாள். வயது ஐம்பது, நம்பியிருக்கிற ஒருத்திக்குப் பொய் சொல்லியாயிற்று. நினைக்க நினைக்க வெட்கம் பிடுங்கித் தின்றது.

முப்பத்தொராம் நாள். பந்தல் நிறையச் சனம். எல்லோர் கையிலும் கல்வெட்டு. வாத்தியார் நின்றபடியே வாசித்தார். வெண்பா போயிற்று, மனைவி புலம்பல் போயிற்று, மகன்மார் இருவரின் புலம்பலும் போயிற்று. பத்தாம் பக்கம் முடிந்தது. நிமிர்ந்தால், பெண்கள் பக்கத்தில் சிவக்கொழுந்து மடித்த பக்கத்தைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தபடி இருக்கிறாள். படலைக்கு அப்பால், அதே கதியாலடியில், வெள்ளைச் சேலையோடு பத்மாசினி நிற்கிறாள்.

வாத்தியாரின் கை குடையைத் தேடியது. குடை மற்றவர்களின் செருப்புகளோடு வாசலில் கிடந்தது.

“பத்மாசினி புலம்பல்” என்றார்.

சபை அசைந்தது. நிழலே என்று தொடங்கப் பார்த்தார், நாக்கு எழும்பவில்லை. நிதியே என்றும் வரவில்லை. இருபது வருடச் சரக்கில் ஒன்றும் உதவிக்கு வரவில்லை. இராகம் மட்டும் இருந்தது. அதில் வெறும் சொற்களைப் போட்டு இழுத்தார்:

“உள்ளே எல்லாரும் தோளோடு தோள் பிடித்து அழுதார்கள், அப்பா. எனக்குப் பிடிக்க வேலிக் கதியால்தான் கிடைத்தது, அப்பா. உங்கள் முகத்தைக் காட்ட ஒருவரும் இல்லை. பார்த்தவரும் குடையால் மறைத்துக்கொண்டு போனார், அப்பா.”

பந்தல் முழுக்கத் தாள் புரளும் சத்தம். பன்னிரண்டைப் பார்க்கிறார்கள், பத்துக்குத் திரும்புகிறார்கள். பரமலிங்கம் விரலில் எச்சில் தொட்டுத் தொட்டுத் தேடினார். முகம் கறுத்தது.

“வாத்தியார்! உது எத்தினையாம் பக்கம்?”

மறுமொழி பெண்கள் பக்கத்திலிருந்து வந்தது.

“பதினொண்டு, அத்தான்” என்றாள் சிவக்கொழுந்து. “நான் மடிச்சு வைச்சிருக்கிறன்.”

சொல்லிக்கொண்டே எழும்பினாள். முப்பத்தொரு நாளாக வாசல் தாண்டாதவள், சபைக்கு நடுவே நடந்துபோய்ப் படலையைத் திறந்தாள். மகளின் கையைக் கதியாலிலிருந்து பிரித்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு அங்கே எழுந்த அழுகையை எந்த வாத்தியாராலும் எழுத முடியாது. பரமலிங்கம் புத்தகத்தை மூடிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். மறிக்க அவர் எழும்பவில்லை.

அடுத்த கிழமை சிவக்கொழுந்து அந்தப் புத்தகத்தோடு வாத்தியார் வீட்டுக்கு வந்தாள். வாத்தியார் வாசலிலேயே தடுமாறினார்.

“பிள்ளை, நான் உனக்குப் பொய்...”

“தெரியும்.”

“பத்மாசினி வாசிச்சுச் சொன்னவளோ?”

“அவள் சொல்ல முந்தியே தெரியும். பதினொண்டு எண்டு சொல்லேக்கை நீங்கள் எழும்பிக் குடையை எடுத்தியள். அண்டைக்கு, அவர் செத்த அண்டும், வேலிக்கு மேலாலை அந்தக் குடை போனதை நான் கண்டனான்.”

“தெரிஞ்சும் ஏன் பிள்ளை அவளை மறிக்காமல் வரவிட்டாய்?”

“அவளை நேரிலை கண்டால் உங்களாலை ரெண்டாந்தரமும் போகேலாது எண்டு நினைச்சன்.” புத்தகத்தை மடித்த பக்கத்தில் திறந்து, அவர் முன்னால் வைத்தாள். “அண்டைக்குச் சொன்னதை இதிலை ஓரத்திலை எழுதித் தாருங்கோ. குடையையும் விடாமல் எழுதுங்கோ.”

வாத்தியார் பேனையை எடுத்துக்கொண்டு எழும்பப் போனார்.

“இருந்து எழுதுங்கோ” என்றாள் சிவக்கொழுந்து.