கண்ணாடி வண்டிக்குக் கேட்ட பூ

பழைய தோலும், சுருட்டுப் புகையும், மழையில் நனைந்து காய்ந்த கம்பளியும் கலந்த ஒரு வாசனை, அறுபது வருடம் போன பிறகும், எப்போதாவது ஏதாவது ஒரு பழைய பெட்டியைத் திறக்கும்போது என் மூக்கில் வந்து ஏறும். ஏறியதும் எனக்கு எட்டு வயதாகிவிடும். பக்கத்தில் என் அக்கா பாவாயி உட்கார்ந்திருப்பாள். ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை, சீமைக்கே திரும்பிப் போகிறபோது விற்கக் கொடுத்த காரின் பின்னிருக்கை வாசனை அது. அந்தக் காரை வாங்குவதா வேண்டாமா என்று எங்கள் வீட்டில் ஒரு சித்திரை மாதம் முழுக்கப் பேசினார்கள். ஒரு பழைய காருக்கு ஒரு மாதப் பேச்சா என்று படிக்கிறவர்கள் சிரிக்கலாம். பேசியது காரைப் பற்றி மட்டும் என்றால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன்.

எங்கள் ஊர் சேலத்திலிருந்து ராசிபுரம் போகிற வழியில், மல்லூரை ஒட்டிய சிற்றூர். அப்பாவுக்கு ராசிபுரத்தில் நிலக்கடலை மண்டி. யுத்தம் வருவதற்கு நாலைந்து வருடம் முந்திய காலம் அது. காரை யாரும் அப்போது கார் என்று சொல்வதில்லை, ‘பிளசர்’ என்பார்கள். எங்களிடம் ஏற்கெனவே ஒரு பிளசர் இருந்தது. மேலே துணிக் கூரை, பக்கமெல்லாம் திறப்பு. காலையில் அதில் வெள்ளை வேட்டியோடு மண்டிக்குப் போகிற அப்பா, பொழுது சாயத் திரும்பும்போது புருவம் வரைக்கும் செம்மண்ணாக வருவார். சுற்றுவட்டாரத்தில் ஒரு பிளசர் இருப்பதே பெரிய பேச்சாக இருந்தபோது, இரண்டாவது ஒன்று எதற்கு என்று ஊர் கேட்டதில் தப்பில்லை.

அது அக்காவுக்காக. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது முடித்ததும் அக்கா சேலத்தில் எங்கள் தாய்மாமன் வீட்டில் தங்கி, அங்கிருந்த பெண்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்தாள். மூன்று வருடம் அப்படியே நடந்தது. எட்டாம் வகுப்பான மூன்றாம் பாரத்துப் பரீட்சை எழுதிவிட்டுப் பங்குனியில் ஊருக்கு வந்தவள் அந்த மாதமே பெரியவளானாள். மாமா வீட்டில் கல்யாணமாகாத ‘மொறைப்பையன்’ இருந்தான். வயதுக்கு வந்த பெண் இனி அந்த வீட்டில் ஒரு நாள் தங்கினாலும் ஊர் அதற்கு வேறு அர்த்தம் வைத்துவிடும். பள்ளிக்கூடத்தில் அப்போது ஆஸ்டல் கிடையாது. பஸ்ஸில் அனுப்புவது என்ற பேச்சை யாரும் எடுக்கக்கூட இல்லை. ஆக, அக்கா மேலே படிக்க வேண்டுமானால் தினமும் காலையில் சேலம் போய்ச் சாயங்காலம் வீடு திரும்ப வேண்டும். அப்பாவின் பிளசரோ எதிர்ப்பக்கம் ராசிபுரத்துக்குப் போகிறது. போதாததற்கு அது திறந்த வண்டி. பெண்பிள்ளை போவதற்குக் கதவும் கண்ணாடியும் வைத்து மூடிய வண்டி வேண்டும்.

சீர் நடந்த அன்று அக்கா அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. புதுப் புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, மணையில் உட்கார வைத்திருந்தார்கள். வந்த பெண்கள் எல்லாரும் அவள் வெட்கப்பட்டு அழுவதாக நினைத்துச் சிரித்தார்கள். அப்பாவுக்கு மட்டும் விஷயம் தெரிந்தது. கூட்டம் கலைந்த பிறகு அருகில் வந்து குனிந்து, “அழுவாத சாமி. உனக்குன்னு ஒரு பிளசர் வாங்கிப்போடறேன். தெனமும் போய்ப் படிச்சுட்டு வா” என்றார். அந்த நேரத்தில் அவர் அதை மனதாரத்தான் சொன்னார் என்று இன்றைக்கும் நம்புகிறேன். நம்புவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

துரையின் கார் விலைக்கு வருகிறது என்று துப்புக் கொண்டுவந்தவர் எங்கள் டிரைவர் மாரப்பன்தான். ஒரு மாதம் வைத்து ஓட்டிப் பார்க்கலாம் என்று கேட்டு வாங்கி, மலையிலிருந்து அவரே இறக்கிக்கொண்டு வந்தார். கரும்பச்சை நிறம், கதவுகளில் கண்ணாடி. எங்கள் வாசலில் வேப்பமரத்தடியில் அது நின்றபோது ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் அந்தக் கண்ணாடியில் தங்கள் பல்லைப் பார்த்துக்கொண்டார்கள். அம்மா அனுமதித்ததால் அக்காவும் நானும் பின்னால் ஏறிக்கொள்ள, மாரப்பன் ஏரிக்கரை வரைக்கும் ஓட்டிக் காட்டினார். கதவில் ஒரு சிறிய கைப்பிடி இருந்தது. அதைச் சுற்றினால் கண்ணாடி மேலே ஏறும். அக்கா அதைச் சுற்றி ஏற்றினாள். வெளியே பிள்ளைகள் போட்ட கூச்சல் சட்டென்று தணிந்துவிட்டது. இறக்கினாள், கூச்சல் வந்தது. மறுபடி ஏற்றினாள். “பாரு சாமி, உள்ள உக்காந்துக்கிட்டா ஊரே வாய மூடிக்குது” என்று சிரித்தாள். பெரியவளான பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மறுநாளிலிருந்து பெரியப்பா வர ஆரம்பித்தார். அப்பாவுக்கு மூத்தவர், ஊரில் அவர் சொல்லுக்கு எதிர்ச்சொல் கிடையாது. தினமும் சாயங்காலம் வந்து, தோளில் துண்டோடு காரைச் சுற்றிச் சுற்றி வருவார். உழவுமாடு பிடிக்கப் போனவர் மாதிரி அதன் முன்பக்கம் பார்ப்பார், பின்பக்கம் தட்டுவார், கதவைத் திறந்து மூடுவார். “டயரு தேஞ்சு கெடக்குதே” என்பார். “எத்தன கை மாறுன வண்டியோ என்னமோ” என்பார். “மலையில ஓடுன வண்டி, நம்ம புழுதிக்குத் தாங்குமா? ஒரு ஊட்டுக்கு எதுக்கு ரெண்டு பிளசரு? ஒண்ணையே ஊரு ஒரு கண்ணாப் பாக்குது. வாங்கிப்போட்டுப் பொறவு வருத்தப்படக் கூடாது.” அப்பா எல்லாவற்றுக்கும், “பாக்கலாமுங்கண்ணா” என்பார்.

எட்டு வயதில் எனக்கு இதில் ஒன்றுமே புரியாமல் இல்லை. பெரியப்பா காரைத் தட்டும்போதெல்லாம் வீட்டுக்குள் கதவோரம் நின்ற அக்காவின் முகம் சுருங்குவதை நான் பார்த்தேன். கை மாறிய வண்டி என்று சொன்னதும், நாலு பேர் கண்ணில் படும் என்று சொன்னதும், வாங்கிவிட்டுப் பின்னால் வருத்தப்படக் கூடாது என்று சொன்னதும் எதைப் பற்றி என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவளைப் பற்றி நேராகப் பேசக் கூச்சப்பட்டவர்கள், பாவம், அந்தக் காரைப் போட்டு அந்தப் பாடு படுத்தினார்கள்.

கடைசியில் அப்பா, பேச்சை முடிக்க வேண்டுமே என்று, மாரப்பனைச் சேலத்துக்கு அனுப்பி ஒரு ஒர்க்‌ஷாப்பில் காரைக் காட்டிக்கொண்டு வரச் சொன்னார். மாரப்பன் மறுநாள் திரும்பி வந்தார். வாசலில் அப்பாவும் பெரியப்பாவும் இருந்தார்கள். அப்பாவைப் பார்த்து, “பண்ணாடி, வண்டியில ஒரு கொறையும் இல்லீங்க. அக்குவேற ஆணிவேறயாப் பிரிச்சுப் பாத்துட்டாங்க. டயரு மட்டும் ரெண்டு மாத்துனாப் போதுமாமுங்க” என்றார். நல்ல சேதியைக் கொண்டுவந்த சந்தோஷம் அவர் முகம் முழுக்க இருந்தது. ஆனால் காரில் குறை இல்லை என்றதும் மற்ற இருவருக்கும் பேசுவதற்கு ஒன்றுமில்லாமல் போய்விட்டது.

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “இத பாரு, நேராவே சொல்லிப்போடறேன். வயசுக்கு வந்த புள்ளைய டிரைவரு கூடத் தெனமும் டவுனுக்கு அனுப்புனா, நாளைக்கு எங்கூட்டுப் புள்ளைகளுக்கும் மாப்பள வரமாட்டான்” என்றார். மாரப்பன் தலையைக் குனிந்துகொண்டு மரத்தடிக்குப் போய்விட்டார். அப்போது நடந்ததுதான் எங்கள் வீட்டில் அதுவரை நடக்காதது. பெரியப்பாவின் எதிரில் என்றுமே வாய் திறக்காத அம்மா, கதவுக்குப் பின்னாலிருந்து, அப்பாவைப் பார்த்துப் பேசினாள். “ஏனுங்க, வண்டியில கொறையிருந்தாச் சொல்லுங்க, வேண்டாம்னு உட்டுரலாம். எம்புள்ளையில என்ன கொறையக் கண்டீங்க?”

அப்பா அம்மாவையும் பார்க்கவில்லை, பெரியப்பாவையும் பார்க்கவில்லை. வேப்பமரத்தடியில் நின்ற காரைப் பார்த்துக்கொண்டு, “ஆத்தாகிட்டப் பூக் கேட்டுருவம். அவ சொல்றபடி ஆவட்டும்” என்றார்.

பூக் கேட்பது எங்கள் பக்கம் எல்லாக் குடும்பங்களிலும் உள்ள வழக்கம். கிணறு வெட்டவும், பெண் எடுக்கவும், பங்கு பிரிக்கவும் கேட்பார்கள். எங்கள் குலதெய்வமான காளியம்மன் கோயிலில் அதற்கென்று ஒரு முறை இருந்தது. வீட்டுத் தலைவர் வெள்ளரளி ஒன்றும் செவ்வரளி ஒன்றும் பறித்து, யாரும் பார்க்காமல் கோயிலுக்குப் பின்னால் போய், தனித்தனியாக இலையில் மடித்து நாரால் கட்டிக்கொண்டு வர வேண்டும். பூசாரி அவற்றை அம்மன் காலடியில் வைப்பார். விவரம் தெரியாத ஒரு குழந்தை போய் ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் கோயில் கிணற்றில் போட்டுவிட வேண்டும்.

எடுக்கச் சொன்னது என்னை. அன்று காலை அக்கா எனக்குத் தலை குளிப்பாட்டி, இரட்டைச் சடை பின்னி, கிளம்பும்போது என் வலது கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். கோயிலில் பெரியப்பாவும், அம்மாவும், உறவினர் ஏழெட்டுப் பேரும் நின்றார்கள், அக்கா வரவில்லை. அப்பா கோயிலுக்குப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டு வந்த இரண்டு பொட்டலமும் ஒரே மாதிரி இருந்தன. வெள்ளை, வெள்ளை, வெள்ளை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இடது பக்கம் இருந்ததை எடுத்தேன். பூசாரி பிரித்தார். சிவப்பு.

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பெரியப்பா விழுந்து கும்பிட்டார். “ஆத்தா சொல்லிப்புட்டா, அப்பறம் என்ன” என்று யாரோ சொன்னார்கள். பூசாரி பழக்கத்தில் மற்றப் பொட்டலத்தை என் கையில் கொடுத்து, “கெணத்துல போட்டுட்டு வா சாமி” என்று அனுப்பிவிட்டார்.

கிணறு கோயிலுக்கு வலப்புறம், அரளிச் செடிகளுக்கு நடுவில் இருந்தது. நான் அழுதுகொண்டே போனேன். அக்காவுக்குக் கிடைக்க வேண்டிய வெள்ளைப் பூவை ஒரு தடவை பார்த்துவிட்டாவது போடலாம் என்று தோன்றியது. கூடாது என்று தெரிந்தும் நாரை அவிழ்த்தேன். இலைக்குள் இருந்ததும் செவ்வரளி.

காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினேன். அப்பா வேகமாக வந்துகொண்டிருந்தார். என் கையில் விரிந்த இலையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அவர் முகம் அப்படி ஆனதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அதட்டுவார் என்று பயந்தேன். அவர் அதட்டவில்லை. கெஞ்சுகிறவரைப் போல, “தண்ணியில போட்டுரு சாமி” என்றார். போட்டேன். பூ மட்டும் தண்ணீருக்கு மேலே சிவப்பாகக் கிடந்தது. அப்பா குனிந்து ஒரு கல்லை எடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, அதைக் கீழே போட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

காரை மாரப்பன் மலைக்கே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். அக்கா இரண்டு நாள் படுத்திருந்தாள், மூன்றாம் நாள் எழுந்து என் தலையை வாரிவிட்டாள். அடுத்த வருடம் தையில் திருச்செங்கோட்டுப் பக்கம் நல்ல குடும்பத்தில் அவளைக் கொடுத்தார்கள். அப்பாவின் திறந்த பிளசரில்தான் அவளை அழைத்துப் போனார்கள். ஊரே ரோட்டில் நின்று பார்த்தது, அதை யாரும் குறையாகச் சொல்லவில்லை. ஐந்து வருடம் கழித்து, அக்காவைப் போலவே மாமா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த நான் பெரியவளானபோது, சேலத்துப் பள்ளிக்கூடத்தில் ஆஸ்டல் கட்டியிருந்தார்கள். அப்பா யாரையும் கலக்கவில்லை, பூவும் கேட்கவில்லை. என் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டு வந்தார். பெரியப்பா ஒரு வருடம் எங்கள் வீட்டுப் படி மிதிக்கவில்லை. நான் படித்து டீச்சரானேன். என் சம்பளத்தில் சாப்பிட்ட ஒவ்வொரு வேளைச் சோறும் அக்காவுடையது என்ற நினைப்பு எனக்கு உண்டு. அப்பா சாகும்வரை நானும் அவரும் அந்தக் கிணற்றடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அவர் மேல் எனக்குக் கோபமும் உண்டு, பாசமும் உண்டு. ஒன்று மற்றொன்றைக் குறைக்கவில்லை.

இப்போது அந்தச் சேலம் ரோட்டில் இருபத்துநான்கு மணி நேரமும் லாரிகள் ஓடுகின்றன. பெண்பிள்ளைகள் மொபெட்டில் தனியாகச் சேலம் போய் வருகிறார்கள், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பிளசர் என்ற சொல்லே போய்விட்டது. கோயிலைச் சுற்றிச் சிமெண்டுத் தரை போட்டபோது அரளிச் செடிகளை வெட்டி, கிணற்றையும் மண் தள்ளி மூடிவிட்டார்கள். போன மாசியில் அக்கா போய்ச் சேர்ந்தாள். அதற்கு ஒரு வாரம் முன்பு அவளைப் பார்க்கப் போயிருந்தபோது, பேச்சுவாக்கில், கோயில் கிணற்றை மூடிவிட்ட செய்தியைச் சொன்னேன்.

அக்கா கூரையைப் பார்த்தபடியே, “அந்தக் கெணத்துலதான சாமி, நீ மிச்சப் பொட்டலத்தப் போட்ட?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். “என்னோட வெள்ளைப் பூவு அதுக்குள்ளதான் கெடக்குதுன்னு எத்தனையோ நாளு நெனச்சிருக்கறேன். நீ கையக் கொஞ்சம் அக்கட்டால வெச்சிருந்தா...” என்று சொல்லி நிறுத்தினாள். பிறகு என் பக்கம் திரும்பி, எட்டு வயதில் பிடித்த அதே வலது கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். “சின்னப் புள்ள, உனக்கென்ன தெரியும். உம்மேல எனக்கு ஒரு நாளும் கோவமில்ல சாமி.”

“ஆமாக்கா,” என்றேன் நான், “தெரியாமத்தான் எடுத்துப்போட்டேன்.”